நியூயார்க்கில் தோட்ட டூப்ளெக்ஸ்: கீழ்த்தளத்தைப் பார்த்து விலை பேசுங்கள்

கேள்வி: புரூக்ளினில் 1920களில் கட்டிய கோ-ஆப் (குடியிருப்போர் பங்கு வைத்திருக்கும் நிறுவனத்துக்குச் சொந்தமான) கட்டடத்தில், பின்பக்கம் தோட்டத்தோடு ஒரு டூப்ளெக்ஸ் விலைக்கு வந்திருக்கிறது. மேலே கூடம், சமையலறை, ஒரு படுக்கையறை. உட்படிக்கட்டில் இறங்கினால் பெரிய அறையும் குளியலறையும். "இரண்டு படுக்கையறை" என்கிறார் புரோக்கர். நம்பலாமா?

பதில்: டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள். நியூயார்க்கில் பேஸ்மென்ட் வேறு, செல்லர் வேறு. கீழ்த்தளத்தின் உயரத்தில் பாதியாவது தெருமட்டத்துக்கு மேலே தெரிந்தால் பேஸ்மென்ட். பாதிக்கு மேல் புதைந்திருந்தால் செல்லர். இப்படிப்பட்ட அடுக்குமாடியில் அதைப் படுக்கையறை என்று விற்க முடியாது. விளம்பரத்தில் "பொழுதுபோக்கு அறை", "வீட்டு அலுவலகம்" என்று போட்டிருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அடுத்து, நகரக் கட்டடத் துறை இணையதளத்தில் முகவரியைப் போட்டு, எந்தத் தளத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் ஆக்குபன்சி சான்றிதழைத் தேடுங்கள். 1938க்கு முந்தைய கட்டடத்துக்கு அது இல்லாமலே இருக்கலாம்; அப்போது கட்டாயமில்லை. படிக்கட்டு பிற்பாடு வெட்டியதா, அதற்கு பர்மிட் வாங்கி முடித்துக் கையெழுத்தானதா என்பதுதான் முக்கியம். முடிக்காத பர்மிட் வாங்குபவர் தலையில் விழும்.

செல்லர் என்று தெரிந்தால், அந்தச் சதுர அடிக்கு மேல்தளத்து விலையில் பாதிக்கு மேல் தர வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

கேள்வி: மழைத் தண்ணீர் உள்ளே வருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? விற்பவர் சொல்லிவிடுவார் அல்லவா?

பதில்: சொல்ல மாட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளம் பற்றிய கேள்விகள் அடங்கிய மாநில அறிவிப்புப் படிவம் கோ-ஆப், காண்டோ (அடுக்குமாடியில் ஒவ்வொரு வீடும் தனிச் சொத்து) விற்பனைக்குப் பொருந்தாது.

நகரின் பெரும்பகுதியில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் போகின்றன. 2021 செப்டம்பர் 1 அன்று ஐடா புயலின்போது சென்ட்ரல் பார்க்கில் ஒரு மணி நேரத்தில் 3.15 அங்குலம் கொட்டியது. அப்படிக் கொட்டும்போது குழாய் நிரம்பி, மிகத் தாழ்ந்த கழிப்பறை வழியாகவும் தரை வடிகால் வழியாகவும் பின்னோக்கி ஏறும். மிகத் தாழ்ந்தது உங்கள் வீடு.

செங்கல் சுவரில் உப்புப் பூத்திருக்கிறதா, தரையை ஒட்டி இரண்டு, நான்கு அடி உயரம் மட்டும் புது ஷீட்ராக் (ஜிப்சம் சுவர்ப்பலகை) போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு, கழிவுநீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் பேக்வாட்டர் வால்வு எங்கே என்று கேளுங்கள். "இருக்கிறது" என்ற பதில் போதாது. கட்டடத்தின் பிரதானக் குழாயில் மட்டும் வால்வு இருந்தால், அது மூடியதும் மேல்வீட்டார் குளிக்கும் தண்ணீரெல்லாம் வெளியே போக வழியின்றி உங்கள் தரையில்தான் பொங்கும். கீழ்த்தளக் கிளைக்குழாய்க்குத் தனியாக வால்வு வேண்டும். அதை அவ்வப்போது திறந்து சுத்தம் செய்யவும் வேண்டும், குப்பை சிக்கினால் மூடாது.

சாதாரண வீட்டு இன்ஷூரன்ஸ் வெள்ளத்தை ஏற்காது. கழிவுநீர் பின்னேறுவதற்கும் பாலிசியில் தனியாகக் கூடுதல் பிரிவு சேர்க்க வேண்டும். அட்டர்னியிடம் கோ-ஆப் நிர்வாக போர்டின் கூட்டக் குறிப்புகளை வாசிக்கும்போது "கசிவு", "பம்ப்" என்ற சொற்களைத் தேடச் சொல்லுங்கள்.

கேள்வி: ஜாக்ஸன் ஹைட்ஸில் "கார்டன் அபார்ட்மென்ட்" மலிவாக இருக்கிறதே, தோட்டம் எனக்கே சொந்தமா?

பதில்: அங்கே தோட்டம் என்றால் கட்டடங்களுக்கு நடுவே உள்ள பொதுத் தோட்டம். 1910களிலிருந்து குயின்ஸ்பரோ கார்ப்பரேஷன் என்ற நிறுவனம் அங்கே அப்படித்தான் கட்டியது. தனித் தோட்டம் என்றால் உங்கள் புரொப்ரைட்டரி லீஸில் (கோ-ஆப் பங்குதாரருக்கு வீட்டைத் தரும் ஒப்பந்தம்) தனி உரிமை எழுதியிருக்க வேண்டும். ஆறு மாடிக்கு மேற்பட்ட கட்டடமானால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வெளிச்சுவர் ஆய்வு உண்டு. பழுது கண்டால் உங்கள் செடிகளின் மேல்தான் சாரம் நிற்கும். தொட்டிகளை நகர்த்தும் செலவு யாருடையது என்று லீஸில் பாருங்கள்.

கேள்வி: கடைத்தெருவுக்குப் பின்னால் வீடு. சத்தம்?

பதில்: பகலில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தோட்டத்தில் நின்று பாருங்கள். உணவகத்தின் புகைபோக்கி விசிறி பெரும்பாலும் பின்பக்கம்தான் இருக்கும்.