குளிர்வீட்டுக்கு எந்த மின்ஹீற்றர்? திருகோணமலை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கன்னியாவில் நிலமே வெந்நீர் தருகின்ற ஊரில் வீட்டைச் சூடாக்குவது பற்றி எழுதுவது எனக்கே வேடிக்கையாகத்தான் இருக்கிறது. எனினும் மலையகத்தில் வீடு வைத்திருப்போரும், பிள்ளைகளைக் குளிர்நாடுகளுக்கு அனுப்பிவிட்டு இங்கிருந்தபடியே அவர்களின் வீட்டு விடயங்களை விசாரிக்கும் பெற்றோரும் நம்மிடையே பலர் இருப்பதால், நெடுங்காலம் மின்வேலை செய்தவன் என்ற முறையில் பதில் தருகிறேன்.

உவர்மலையிலிருந்து ஒருவர்: ஐயா, நுவரெலியாவில் எங்களுக்கு ஒரு சிறிய வீடு உண்டு. தை மாத இரவுகளில் குளிர் தாங்க முடியவில்லை. எண்ணெய் ஹீற்றர், விசிறி ஹீற்றர், சிவப்பாக ஒளிரும் ஹீற்றர் ஆகிய மூன்றில் எது மின்சாரத்தைக் குறைவாக எடுக்கும்?

பதில்: மூன்றும் ஒன்றுதான். 1000 வாற் ஹீற்றர் எந்த வகையாயினும் ஒரு மணி நேரத்தில் ஓர் அலகு மின்சாரத்தை எடுத்து, அது முழுவதையும் வெப்பமாகத் தந்துவிடுகிறது. ஆகவே பாதிச் செலவில் அதே சூடு என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். வேறுபடுவது அந்த வெப்பம் உங்களை வந்தடையும் விதம் மட்டுமே. விசிறி ஹீற்றர் அறைக் காற்றை விரைவாகச் சூடாக்கும். ஆனால் சத்தம் போடும், நிறுத்தியவுடன் குளிர் திரும்பிவிடும். சிவப்பாக ஒளிர்வது காற்றைப் பெரிதாகச் சூடாக்காமல் தனக்கு எதிரே இருப்பதையே சூடாக்குவதால், நாற்காலியில் அமர்ந்து வாசிப்பவருக்கு ஏற்றது; போர்வையும் நுளம்பு வலையும் உள்ள படுக்கைக்கு அருகில் அதை வைக்கவே கூடாது. எண்ணெய் ஹீற்றர் சூடேற அரை மணி நேரமாவது எடுக்கும் என்றாலும், ஓசையின்றி வேலை செய்து, மின்சாரம் துண்டித்த பின்பும் சிறிது நேரம் சூட்டை வைத்திருக்கும். உள்ளே இருக்கும் எண்ணெய் எரிவதுமில்லை, குறைவதுமில்லை. அதை மாற்றித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பவரிடம் ஏமாறாதீர்கள்.

படுக்கையறைக்கு எண்ணெய் ஹீற்றரையே நான் சொல்வேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு 1500 வாற் போதும். ஆனால் சீலிங் இல்லாத தகரக் கூரையும், ஜன்னலுக்கு மேலே திறந்த காற்றுத் துவாரங்களும் உள்ள வீடாயின், எவ்வளவு வாற் வாங்கினாலும் நீங்கள் சூடாக்குவது நுவரெலியாவின் ஆகாயத்தைத்தான். முதற் செலவை அந்த இடைவெளிகளை அடைப்பதில் செய்யுங்கள். இரவு எட்டு மணி நேரத்தில் பாதி நேரமே அந்த 1500 வாற் ஹீற்றர் மின்சாரம் எடுப்பதாகக் கொண்டாலும் ஓர் இரவுக்கு 6 அலகு, முப்பது இரவுக்கு 180 அலகு ஆகிறது. 180 அலகைத் தாண்டும் பாவனைக்கு வீட்டுக் கட்டணத்தின் மிக உயர்ந்த படி என்பதையும் கணக்கில் எடுங்கள்.

அன்புவழிபுரத்திலிருந்து ஒருவர்: பழைய வீட்டில் உருண்டை முள் 5 அம்பியர் பிளக் பொயின்ற்கள்தான் உள்ளன. அடாப்டர் ஒன்றை வைத்து 2000 வாற் ஹீற்றரைப் போடலாமா?

பதில்: கூடாது. 230 வோல்ற்றில் 5 அம்பியர் தாங்குவது 1150 வாற் மட்டுமே. உங்கள் ஹீற்றரோ ஏறத்தாழ 9 அம்பியர் எடுக்கும். அதற்கென மெயின் போர்ட்டிலிருந்து தனி வயர் இழுத்து, 13 அம்பியர் சதுர முள் பொயின்ற் போட்டுக்கொள்ளுங்கள். கருகிய பிளக்குகளை நான் எத்தனையோ கழற்றிப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஹீற்றரில் குற்றம் இருக்காது, உள்ளே தளர்ந்த ஒரு திருகாணிதான் காரணமாக இருக்கும்.

நிலாவெளியிலிருந்து ஒரு தாயார்: மகள் மொன்றியலில் வாங்கவிருக்கும் வீட்டில் குழாய்வழிச் சூட்டுக்காற்று இல்லை, சுவரடியில் நீளமான மின்ஹீற்றர்கள் உள்ளன. அவற்றைக் கழற்றிவிட்டு வெப்பப் பம்பி போடலாமா என்று கேட்கிறாள்.

பதில்: கழற்ற வேண்டாம், அம்மா. கியூபெக் மாகாணத்தின் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் நீர்மின்சாரம். வட அமெரிக்காவில் மலிவானவற்றில் ஒன்று. அதனால் அங்கே சுவரடி ஹீற்றர்கள் மிகச் சாதாரணம். ஒவ்வோர் அறைக்கும் தனித்தனி வெப்பக் கட்டுப்பாடு இருப்பதால், ஆளில்லாத அறையைக் குறைத்து வைக்கலாம். வெப்பப் பம்பி என்பது நம் வீட்டு பிரிட்ஜின் வேலைதான்: பிரிட்ஜ் உள்ளிருக்கும் சூட்டைப் பின்புறம் வெளியேற்றுவதுபோல, இது வெளிக்காற்றின் சூட்டை வீட்டுக்குள் கொண்டுவருகிறது. இதமான குளிரில் ஓர் அலகு மின்சாரத்துக்கு மூன்று அலகு வெப்பம் தரும் அதே இயந்திரம், கடுங்குளிரில் இரண்டுகூடத் தராது. பூச்சியத்துக்குக் கீழே 25 பாகைக்கு அப்பால் பல இயந்திரங்கள் நின்றேவிடும். எனவே கூடத்தில் குழாயில்லாத ஒரு வெப்பப் பம்பியை வைத்து, சுவரடி ஹீற்றர்களைத் துணைக்கு விட்டுவிடச் சொல்லுங்கள். கோடையில் அதுவே ஏசியாகவும் உதவும். வெளியே வைக்கும் பெட்டி பனி மூடாத உயரத்தில் இருக்க வேண்டும். இடையிடையே அது தன் மேல் படிந்த பனியை உருக்கும்போது புகைபோல ஆவி எழும், அதைக் கண்டு பதற வேண்டியதில்லை. திரைச்சீலைகள் சுவரடி ஹீற்றரின் மேல் தொங்கவும் கூடாது.

மூதூரிலிருந்து ஒருவர்: இலண்டனில் தம்பியின் வீட்டு ஹீற்றருக்குள் செங்கற்கள் உள்ளனவாம். மாலையானதும் அது குளிர்ந்துவிடுகிறதே?

பதில்: அது இரவின் மலிவான ஏழு மணி நேர மின்சாரத்தில் கற்களைச் சூடாக்கிப் பகலில் வெளிவிடும் வகை. வெப்பத்தை வெளிவிடும் திருகியைக் காலையில் குறைத்து வைத்தால்தான் மாலைக்கு மிஞ்சும். இரட்டைக் கட்டண மீற்றர் உள்ளதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையெனில் அந்த ஹீற்றரால் இலாபமில்லை.

கிண்ணியாவிலிருந்து ஒருவர்: எங்கள் ஏசியின் ரிமோட்டில் சூரியன் குறி உள்ளது. அதைப் பண்டாரவளை வீட்டில் பொருத்தினால் சூடு தருமா?

பதில்: ரிமோட்டை நம்ப வேண்டாம், பல மாதிரிகளுக்கு ஒரே ரிமோட்டைத் தயாரித்து அனுப்புவார்கள். வாயுவின் ஓட்டத்தைத் திருப்பும் வால்வு உள்ளே இருந்தால்தான் சூடாக்கும். பெட்டியின் பக்கத்திலுள்ள தகட்டில் வெப்பமூட்டும் திறனும் தனியாகக் குறிப்பிடப்பட்டுள்ளதா என்று பாருங்கள்.

தம்பலகாமத்திலிருந்து ஒருவர்: மலையகத்தில் தங்கும்போது மின்சாரம் நின்றால் கரிச்சட்டியை அறைக்குள் வைக்கலாமா?

பதில்: வைக்கவே வேண்டாம். மூடிய அறையில் கரி எரிந்தால் மணமும் நிறமும் இல்லாத காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு சேரும். உறங்குபவர் விழிக்காமலே போகக்கூடும். கம்பளியும், துணியில் சுற்றிய வெந்நீர்ப் போத்தலும் அந்த இரவுக்குப் போதும்.