கீபோர்டு வாசிக்கிற பையனுக்கு எந்த டிகிரி?

அண்ணாச்சி, நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன், ராத்திரி பதினொன்றரைக்கு அனுப்பியதையும் சேர்த்துத்தான். பையன் இன்ஜினியரிங் வேண்டாம் என்கிறான், மியூசிக் காலேஜ் என்கிறான், அது இல்லையென்றால் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) என்கிறான், இப்படிக் கோவில் கொடை விழா ஒன்று விடாமல் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு போகிறவனுக்கு நாளைக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது. மற்றதைப் பேசுவோம்.

முதலில் வீட்டில் இன்ஜினியரிங் கட்சி, மியூசிக் கட்சி என்று பிரிந்து நிற்பதை நிறுத்துங்கள். பாட்டு, வாசிப்பு என்று இருக்கிற பிள்ளைகள் என்னிடம் வந்தால் நான் டிகிரியின் பெயரை அப்புறம்தான் பார்ப்பேன். அந்தப் படிப்பு வாரத்தில் எத்தனை மணி நேரத்தை அவன் கையில் மிச்சம் வைக்கும், அந்த நேரத்தில் இசையில் எந்த வேலையைப் பழகப் போகிறான், இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் டிகிரி தானாகவே இரண்டு மூன்று பெயருக்குள் வந்து நின்றுவிடும்.

சும்மா "இசை பிடிக்கும்" என்று சொன்னால் எனக்கு ஒன்றும் விளங்காது. வாசிக்கப் பிடிக்குமா, மெட்டுப் போடப் பிடிக்குமா, சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் பிடிக்குமா, ரெக்கார்டிங் பிடிக்குமா, இல்லை கணியான் கூத்தில் மகுடம் என்கிற தோல்கருவியை அடிக்கிறவர்கள் என்னென்ன அடி வைத்திருக்கிறார்கள் என்று ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதப் பிடிக்குமா. கடைசியாகச் சொன்னதற்குக்கூட நம்ம பாளையங்கோட்டையிலேயே, தூய சவேரியார் கல்லூரியில், நாட்டார் வழக்காற்றியல் (ஃபோக்லோர்) துறை இருக்கிறது. ஒவ்வொரு ஆசைக்கும் வழி வேறு, செலவு வேறு, காத்திருக்க வேண்டிய வருடமும் வேறு.

அதற்காகத்தான் நீங்கள் எல்லோரும் வந்திருந்த அன்றைக்கு உங்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு அவனோடு தனியாகப் பேசினேன். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் என்று ஒரு பட்டன் உண்டு. பாடுகிறவர் எந்தச் சுருதியில் பாடினாலும் அந்தப் பட்டனைத் தட்டிவிட்டு, கை பழகின ஒரே ஸ்கேலில் எல்லாப் பாட்டையும் ஓட்டிவிடலாம். லைட் மியூசிக் மேடையில் பாதிப் பேர் பிழைப்பது அதில்தான். அந்தப் பட்டனைத் தொடாமல் அதே பாட்டை வேறு ஸ்கேலில் வாசி தம்பி என்றேன். தடுமாறினான், கறுப்புக் கட்டைகள் அதிகம் வரும் இடத்தில் வேகம் பாதியாகக் குறைந்தது, ஆனால் விடாமல் முடித்தான். முடித்துவிட்டு, "இதை இன்னும் சாதகம் பண்ணணும் சார்" என்றான். கை சுமார்தான் அண்ணாச்சி, அதை மறைக்க விரும்பவில்லை. காது நன்றாக இருக்கிறது.

அப்புறம் அவனாகவே ஒரு விஷயம் சொன்னான். போன ஆடியில் ஒரு கொடையில் சாயங்காலத்திலிருந்தே ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சலாம். மைக், ஸ்பீக்கர் கட்டுகிற ரேடியோ செட்காரர் வயரை மாற்றிப் பார்த்திருக்கிறார், மைக்கை மாற்றிப் பார்த்திருக்கிறார், போகவில்லை. உங்கள் பையன் போய்ப் பார்த்தால் மிக்ஸர் ஜெனரேட்டரில் ஓடுகிறது, இவனுடைய கீபோர்டு அடாப்டர் கோவில் இ.பி. லைனில் சொருகியிருக்கிறது. இரண்டையும் ஒரே போர்டில் சொருகியதும் இரைச்சல் நின்றுவிட்டது. இதை யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், எர்த் இரண்டு வழியாக வந்தால் அந்த ஹம் ஆடியோ வயருக்குள் ஏறிக்கொள்ளும், சவுண்டு இன்ஜினியர்கள் இதை கிரவுண்டு லூப் என்பார்கள். பாட்டைப் பற்றிப் பேசியபோது அடக்கமாக இருந்தவன் இதைச் சொல்லும்போது என் பேனாவைப் பிடுங்கிப் படம் போட்டுக் காட்டினான். கச்சேரி முடிந்த பிறகும் செட்டுக்காரர்களோடு நின்று மிக்ஸரைக் கட்டி ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறானாம். அவன் லேட்டாக வருகிறான் என்று நீங்கள் சத்தம் போடுவது இந்த நேரத்துக்குத்தான்.

ஆகவே என் கணிப்பு, இவன் ஆசை வாசிப்பதில் பாதி, ஒலியில் முக்கால். கணக்கு உதைக்கிறது என்று சொல்லாதீர்கள், பதினெட்டு வயதில் அப்படித்தான் இருக்கும்.

இதை வைத்துக்கொண்டு மியூசிக் காலேஜ் விஷயத்துக்கு வருவோம். அரசு இசைக் கல்லூரிகள் சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய ஊர்களில் இருக்கின்றன, நமக்குப் பக்கம் மதுரை. நல்ல இடங்கள்தான், கட்டணமும் குறைவு. ஆனால் அங்கே வாய்ப்பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம், நாதசுரம், தவில் என்று கர்நாடக சங்கீத வழியில்தான் பாடம். உங்கள் பையன் ஆரம்பப் பாடமான சரளி வரிசைகூட முறையாகப் படித்ததில்லை, கீபோர்டை வைத்துக்கொண்டு அங்கே போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதில் அவனுக்கு இஷ்டம் இருந்தால் ஆரம்பிக்கட்டும். இவனுக்கு அந்த இஷ்டம் இல்லை, யூடியூபில் பார்த்த சென்னை மியூசிக் ஸ்டூடியோ மாதிரி இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். (வயலினோ வாய்ப்பாட்டோ சின்ன வயதிலிருந்து படிக்கிற பிள்ளை உங்கள் சொந்தத்தில் இருந்தால் அதற்கு நான் வேறு மாதிரிதான் சொல்வேன். கேந்திரிய வித்யாலயாவில் இசை ஆசிரியர் ஆவதற்கு இசைப் பட்டம் வேண்டும், அந்த இடத்தில் விஸ்காம் பட்டம் செல்லாது.)

ஒலிப்பதிவு என்றால் முதலில் பார்க்க வேண்டியது தரமணியில் இருக்கிற எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம். +2 முடித்த கையோடு சேரலாம், நாலு வருடப் பட்டம், ஒலிப்பதிவுக்கென்றே தனிப் பிரிவு. அரசு நிறுவனம் என்பதால் தனியார் சவுண்டு இன்ஜினியரிங் அகாடமிகள் வாங்குகிற பணத்தோடு ஒப்பிட்டால் செலவு ஒன்றுமே இல்லை. இடம் மிகக் கொஞ்சம், போட்டி அதிகம், அதனால் கிடைக்காது என்று வைத்துக்கொண்டே விண்ணப்பம் போடுங்கள். நெட் சென்டரில் கொடுத்து நிரப்பச் சொல்லாமல் அவனையே விளக்கக் குறிப்பை முழுசாகப் படித்து நிரப்பச் சொல்லுங்கள்.

கிடைக்கவில்லை என்றால் என்ன? பி.எஸ்சி. இயற்பியல். பாளையங்கோட்டையிலேயே, அரசு உதவி பெறும் கல்லூரியில். இதைச் சொன்னதும் உங்கள் முகம் எப்படிப் போயிருக்கும் என்று தெரியும், "பிசிக்ஸ் படிச்சு வாத்தியார் வேலைக்கா போகப் போறான்" என்பீர்கள். பொறுங்கள். முதலாவது, ஒலி என்பதே அதிர்வும் அலையும்தான். கல்யாண மண்டபத்தில் பேச்சு ஏன் குழம்பிக் கேட்கிறது, சி.டி.யில் ஏன் ஒரு நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து பதிவு செய்கிறார்கள், இதற்கெல்லாம் பதில் அங்கேதான் கிடைக்கும். இரண்டாவது, படிப்பு மூன்றே வருடத்தில் முடிந்துவிடும். மூன்றாவது, புனே திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவுப் பிரிவுக்கு ஏதாவது ஒரு டிகிரியும் +2-வில் இயற்பியலும் வேண்டும். இவன் மேத்ஸ்-கம்ப்யூட்டர் குரூப் என்பதால் +2 இயற்பியல் கையில் இருக்கிறது, டிகிரியும் முடித்துவிட்டால் அந்தக் கதவும் திறந்திருக்கும். ஒருவேளை இருபத்தொரு வயதில் இசையே வேண்டாம் என்று சொன்னாலும் (சொல்வார்கள், நான் பார்த்திருக்கிறேன்) எம்.எஸ்சி., பி.எட்., எம்.சி.ஏ., போட்டித் தேர்வு என்று எங்கே வேண்டுமானாலும் திரும்பலாம்.

விஸ்காம் மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே கேமரா, எடிட்டிங், விளம்பரம், பத்திரிகை என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம், ஒலிக்கு ஒன்றோ இரண்டோ பேப்பர். கேமரா பக்கம் ஆசை இருக்கிற பிள்ளைக்கு அது சரி.

இன்ஜினியரிங்தான் என்று நீங்கள் பிடிவாதமாக இருந்தால், சரி, கம்ப்யூட்டர் சயின்ஸை விட்டுவிட்டு இ.சி.இ. (எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) எடுங்கள், ஒலியை சிக்னலாக மாற்றிக் கையாளும் சிக்னல் பிராசஸிங் அதில்தான் ஒழுங்காக வரும். காலை ஆறே முக்காலுக்குக் காலேஜ் பஸ் ஏறி ராத்திரி ஏழு மணிக்கு இறங்குகிற மாதிரி தூரத்துக் கல்லூரியாக மட்டும் பார்க்காதீர்கள். அந்த பஸ்ஸே நாலு வருடத்தில் அவன் சாதகம் முழுவதையும் தின்றுவிடும். பாளையங்கோட்டைக் கல்லூரி என்றால், உங்கள் வீரவநல்லூரிலிருந்து காலையில் செங்கோட்டை ரயிலைப் பிடித்து நெல்லை ஜங்ஷனில் இறங்கி, நாலு மணிக்குள் வகுப்பு முடிந்து திரும்பி வரும் பையனுக்கு சாயங்காலம் இரண்டு மணி நேரமாவது கையில் நிற்கும்.

இனி கொடை விஷயம். இதைப் பற்றி நான் உங்களைவிடக் கறாராக இருக்கப் போகிறேன், அவனிடமும் சொல்லிவிட்டேன். கல்லூரியில் ஒரு செமஸ்டருக்கு ஏறக்குறைய 90 வேலை நாள், 75 சதவீத வருகை இல்லாவிட்டால் பரீட்சை எழுதுவதே சிக்கல். அதாவது காய்ச்சல், தாத்தா காரியம், அக்கா வளைகாப்பு எல்லாம் சேர்த்து 22 நாள்தான் லீவு. நம்ம பக்கம் கொடை என்றால் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை, ராத்திரி முழுக்க நிகழ்ச்சி, புதன்கிழமை காலையில் தூங்கி விழுவான், அந்த நாள் போச்சு. ஆடியில் நாலு செவ்வாய் போனாலே கணக்கு இடிக்க ஆரம்பித்துவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், இரட்டைப்படை செமஸ்டர் பரீட்சை ஏப்ரலில் வரும், பங்குனி கடைசியும் சித்திரையும் அப்போதுதான், கொடை சீசன் உச்சத்தில் இருக்கும். செட்டுக்காரர்கள் போன் மேல் போன் போடுவார்கள், "ஒரு ராத்திரிதானே தம்பி" என்பார்கள். ஏப்ரலில் நிகழ்ச்சியே கிடையாது என்று இப்போதே அவர்களிடம் சொல்லி வைக்கட்டும். மற்ற மாதங்களில் வருகிற பணத்தை அவன் பெயரில் இருக்கிற பாங்க் கணக்கில் போடட்டும், உங்கள் கையில் வாங்காதீர்கள், கணக்கை மட்டும் மாதம் ஒரு தடவை பாருங்கள். கூட்டாளிகளோடு சேர்ந்து குடிப்பானோ என்ற பயம் நியாயமானதுதான். அதற்கு ஹாஸ்டலில் போட்டாலும் மருந்து கிடையாது. செட்டுக்காரர் யார், எந்த ஊர் என்று ஒரு நாள் நேரில் போய்ப் பேசிவிட்டு வாருங்கள், அதுதான் வேலை செய்யும்.

கல்லூரி வாழ்க்கை என்று பார்த்தால், கீபோர்டு வாசிக்கத் தெரிந்த பையன் என்று தெரிந்த மறுநாளே கல்ச்சுரல்ஸ், கிறிஸ்துமஸ், ஆண்டு விழா, துறை விழா என்று எல்லோரும் கூப்பிடுவார்கள். முதல் வருடம் சந்தோஷமாகப் போகட்டும். பல்கலைக்கழக இளைஞர் விழாவுக்குக் கல்லூரிக் குழுவில் இடம் கிடைத்தால் விடவே கூடாது, மாநிலம் தாண்டிப் போட்டிக்குப் போகிற வாய்ப்பு அதில் இருக்கிறது, சான்றிதழும் பின்னால் உதவும். இரண்டாவது வருடத்திலிருந்து கொஞ்சம் "முடியாது சார்" என்று சொல்லப் பழக வேண்டும், இல்லையென்றால் கல்லூரிக்கு இலவச ஆர்கெஸ்ட்ராவாகவே மூன்று வருடமும் ஓடிவிடும்.

"இளையராஜா எந்தக் காலேஜில படிச்சார்" என்று உங்களிடம் கேட்டானாமே. நல்ல கேள்வி. அவர் 1976-ல் முதல் படத்துக்கு இசையமைப்பதற்கு முன்னால் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக வருடக்கணக்கில் வேலை பார்த்தார். உங்கள் ஊருக்குப் பக்கத்து ஸ்டேஷன்காரர், நாதசுர வித்வான் காருகுறிச்சி அருணாசலம், அவரும் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் சிஷ்யராக இருந்து வந்தவர்தான். காலேஜ் இல்லாமல் வந்தவர்கள் உண்டு, குரு இல்லாமல் வந்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். உங்கள் பையனுக்கு இன்றைய தேதிக்கு யூடியூப் மட்டும்தான் குரு. பாளையங்கோட்டையில் சர்ச் பாடகர் குழுக்களில் நோட்டேஷன் பார்த்து வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அப்படி ஒருவரிடம் வாரம் ஒரு வகுப்பு இந்த ஜூனிலேயே ஆரம்பிக்கட்டும், கல்லூரி சேரும் வரை காத்திருக்க வேண்டாம். மூன்று வருடத்தில், லண்டன் டிரினிட்டி காலேஜ் நடத்துகிற கிரேடு பரீட்சையில் அஞ்சாவது கிரேடு முடித்தால்கூட, லீவு நாளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துத் தன் செலவைப் பார்த்துக்கொள்வான்.

ஏ.ஐ. வந்து பாட்டெல்லாம் அதுவே போட்டுவிடும் என்று உங்கள் மச்சினன் சொன்னதாகச் சொன்னீர்கள். அதே ஏ.ஐ. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும்தான் வந்திருக்கிறது, அதை அவர் சொல்லவில்லையா?

கடைசியாக, புதுக் கீபோர்டு. பின்னணித் தாளத்தையும் தானே வாசிக்கிற பெரிய அரேஞ்சர் மாடல் கேட்கிறான் என்றீர்கள், இப்போது வேண்டாம். டிரினிட்டியில் எலெக்ட்ரானிக் கீபோர்டுக்கென்று தனிப் பரீட்சையே இருக்கிறது, கையிலிருக்கிற 61 கட்டை கீபோர்டில் தட்டுகிற அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி கூடிக் குறைகிறது என்றால் ஆரம்ப கிரேடுகளுக்கு அதுவே போதும். அந்தப் பணத்தில் பாதியில் ஒரு சின்ன ஆடியோ இன்டர்பேஸும் (மைக்கையும் கீபோர்டையும் லேப்டாப்போடு இணைக்கிற பெட்டி) நல்ல ஹெட்போனும் வாங்கிக் கொடுங்கள், வீட்டில் இருக்கிற லேப்டாப்பிலேயே ரெக்கார்டிங் பழகலாம். தரமணி விண்ணப்பம், பி.எஸ்சி. விண்ணப்பம் இரண்டையும் போட்டுவிட்டு, நகல்களோடு அடுத்த வாரம் வாருங்கள். வரும்போது அவன் அம்மாவையும் கூட்டி வாருங்கள், அன்றைக்கு அவர்கள் ஒரு வார்த்தை பேச நீங்கள் விடவே இல்லை.