அஞ்சு பேர் இருக்கிற ரயில்வே ஊர்
(வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: எங்க தாத்தா லோகோ ஷெட்ல கரி அள்ளிப் போட்டவரு. டீசல் வந்ததும் ரயில்வே காலனியே வெறிச்சோடிப் போச்சுன்னு கடைசி வரைக்கும் புலம்புவாரு. அந்த மாதிரி ஒரு ஊரே காலியான கதை வேற நாட்ல எங்கயாச்சும் உண்டா சார்?
(வாசகர், விழுப்புரம்)

பதில்: உண்டு. அமெரிக்காவுல மேற்கு வர்ஜீனியா மாநிலத்துல தர்மண்ட்னு ஒரு ஊர், 2020 சென்சஸ்படி ஜனத்தொகை 5. அச்சுப்பிழை இல்லீங்க, சைபர் எதையும் நாங்க முழுங்கல. 2010லயும் அதே 5தான், 2000ல 7, ஆனா 1930ல 462 பேர் இருந்திருக்காங்க. 462ன்னா நம்மூர் கல்யாணத்துல ரெண்டாவது பந்திக்கே பத்தாதுன்னு நினைப்பீங்க, ஆனா அந்த ஊர் ஸ்டேஷனுக்கு நல்லா இருந்த காலத்துல தினம் 15 பாசஞ்சர் வண்டி, வருஷத்துக்கு 95,000 பயணிங்க வரைக்கும் வந்து போயிருக்காங்க. சுத்துப்பட்டு சுரங்கத்துக் கரி எல்லாம் அங்க வந்துதான் மெயின் லைன் ஏறும்ங்கறதால செசபீக் அண்ட் ஓஹையோ ரயில்வேக்கு தன்னோட லைன்லயே அதிக வருமானம் குடுத்த இடமும் அதுதான்.

ஊர் பிறந்த கதையும் வேடிக்கைதான். 1873ல தர்மண்ட்னு ஒரு கேப்டன் நிலம் அளந்து குடுத்தாரு, கூலியா பணத்துக்குப் பதிலா 73 ஏக்கர் குடுத்தாங்க. மேல செங்குத்தா மலை, கீழ நியூ ரிவர் ஆறு, நடுவுல கொஞ்சூண்டு இடம், அதுலயும் பாதிய தண்டவாளம் பிடிச்சுக்கிச்சு. அதனால கடைத்தெருன்னு ஒண்ணு கிடையவே கிடையாது, பேங்க் வாசப்படி இறங்கி நாலு எட்டு வச்சா கால்ல ரயில் தட்டும். கார் வர்ற மாதிரி ரோடு போட்டதே 1921லதான். அது வரைக்கும் வெளியூர் போகணும்னா ரயிலு, விட்டா நடை.

கேள்வி: ரயில்வே ஊர்னா சீட்டும் சரக்கும் இல்லாமயா இருந்திருக்கும்?
(அதே வாசகர், இன்னொரு கார்டுல)

பதில்: எந்த சரக்க கேக்குறீங்கன்னு புரியுது! கேப்டன் கண்டிப்பான பாப்டிஸ்ட் கிறிஸ்தவர், தன்னோட எல்லைக்குள்ள குடி கூடாது, சூது கூடாதுன்னுட்டாரு. சரின்னு ஜனங்க பாலத்தக் கடந்து எதிர்க்கரைக்குப் போயிட்டாங்க, அது வேற ஆள் நிலம். அங்க 1901ல டன் க்ளென்னு 100 ரூம் ஹோட்டல் எழும்புச்சு. அதுல ஒரு போக்கர் ஆட்டம் 14 வருஷம் நிக்காம நடந்துச்சுன்னு ஒரு பேச்சு உண்டு, ஆள் மாறி மாறி உக்காந்தாலும் 14 வருஷமான்னு எனக்கு நம்பிக்கை வரல. 1930ல அந்த ஹோட்டல் தீக்கிரையாச்சு, அடுத்த வருஷம் பேங்கும் மூடிட்டாங்க.

ஆனா ஊர சாச்சது தீயோ பேங்கோ மட்டும் இல்ல, உங்க தாத்தா சொன்ன அதே டீசல்தான். கரி இன்ஜின்னா அதுக்குப் பணிவிடை செய்யவே ஒரு கூட்டம் வேணும். தண்ணி ரொப்பணும், கரி ஏத்தணும், சாம்பல இழுத்துக் கொட்டணும், சக்கரம் வழுக்காம இருக்க மணல் போடணும், ஒவ்வொரு மூட்டுக்கும் எண்ணெய் விடணும். அத்தன பேருக்கும் சாப்பாடு, படுக்க ஒரு ரூம், சம்பளம் போட ஒரு பேங்க், ஊர்னு நாம சொல்றது இதத்தானே. டீசல் டேங்க ரொப்பிட்டா பாட்டுக்கு ஓடும், நடுவுல நிக்க என்ன வேலை? 1950கள்ல அந்த ரயில்வே கரி இன்ஜின மூட்டை கட்டுனதோட தர்மண்டுக்கும் வேலை போச்சு. கரி ஏத்துற கான்கிரீட் டவர் இன்னும் லைனோரம் நிக்குது, அது அடியில நிலக்கரி ஏத்துன சரக்கு வண்டி இப்பவும் போகுது, நிக்கிறதுதான் இல்ல.

கேள்வி: அஞ்சு பேருக்கு நிர்வாகம்னு ஒண்ணு இருக்கா?
(வாசகி, அரக்கோணம்)

பதில்: மேயர், கவுன்சில் எல்லாம் உண்டும்மா, சட்டப்படி அது இன்னும் டவுன்தான். 2005 உள்ளூர் தேர்தல்ல 7 பேர்ல 6 பேர் வேட்பாளர், அந்த ஏழாவது ஆள்கிட்ட ஓட்டு கேட்டு எத்தன பேர் கதவ தட்டியிருப்பாங்களோ! 2015ல தன்பாலின ஈர்ப்பாளர், திருநர்கிட்ட பாகுபாடு காட்டக்கூடாதுன்னு அவங்க கவுன்சில் ஒருமனதா சட்டமே போட்டாங்க.

அந்தப் பக்கம் போனீங்கன்னா பார்க்கலாம், பழைய ஸ்டேஷன தேசியப் பூங்கா துறை புதுப்பிச்சு வச்சிருக்கு. நியூயார்க்ல இருந்து சிகாகோ போற கார்டினல் வண்டி வாரம் மூணு நாள் அந்த வழியா வரும், ஆனா ஏற இறங்க ஆள் இருந்தாதான் நிறுத்துவாங்க, அதனால டிக்கெட்ட முன்னாடியே போட்டுருங்க.