கோடை விடுமுறையில் பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, படித்தது மறக்காமலும் சலிப்பு வராமலும் பார்த்துக்கொள்வது எப்படி?

மூன்றாவதும் ஐந்தாவதும் முடித்த இரண்டு பிள்ளைகள், கோடை வகுப்புக்கு அனுப்பும் எண்ணம் இல்லை, ஒன்றரை மாதத்தை எப்படி ஓட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் இதே கதைதான். ஊர் மதுரை. பெரியவளுக்குப் பத்து வயசு, சின்னவனுக்கு ஏழு. நான் ஓர் ஆடிட்டருக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். மாமியார் எங்களோடு இருக்கிறார். அவர் இல்லையென்றால் இந்தப் பதிலில் பாதி இருக்காது.

முதல் வருடம் நான் செய்ததை நீங்கள் செய்துவிடாதீர்கள். சார்ட் பேப்பர் வாங்கி, ஸ்கெட்ச் பேனாவில் டைம்டேபிள் போட்டு, பிரிட்ஜில் ஒட்டினேன். 9 முதல் 10 கணக்கு, 10 முதல் 10.30 கையெழுத்து. நாலாம் நாள் சின்னவன் அதைக் கிழித்தெடுத்துப் பின்பக்கம் டைனோசர் வரைந்திருந்தான். அதே வருடம் மூளைப் பயிற்சி என்று ஓரிடத்தில் 3,500 ரூபாய் கட்டினேன். பத்து நாள் போனார்கள். அதில் பாதி நாள் டிவியில் கார்ட்டூன் போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். அதை வீட்டில் ஓசியிலேயே பார்த்திருக்கலாம்.

வீட்டில் எப்படியும் நடந்தே ஆகவேண்டிய வேலையில் ஒரு பங்கு கொடுத்தால் பிள்ளைகள் உட்காருகிறார்கள். அவர்களுக்காகவே உண்டாக்கிய வேலை என்றால் மோப்பம் பிடித்துவிடுகிறார்கள்.

எங்கள் வீட்டில் அந்த வேலை வத்தல். கத்திரி வெயில் மே 4 வாக்கில் தொடங்கும், அத்தை அதற்கு ஒரு வாரம் முன்பே தொடங்கிவிடுவார். போன வருடம் அளவுப் பொறுப்பைப் பெரியவளிடம் கொடுத்தோம். பச்சரிசி மாவும் ஜவ்வரிசியும் சேர்த்து அரைக் கிலோ, தண்ணீர் 3 லிட்டர். கூழ் காய்ச்சி இறக்கியதும் பாத்திரத்தோடு நிறுத்து, பாத்திர எடையைக் கழித்தாள். 3 கிலோ 200 கிராம். காலை ஆறரைக்கு மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்து, மூலைக்கொரு கல் வைத்து, கரண்டி கரண்டியாக ஊற்றினோம். சாயங்காலம் வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரித்தெடுத்து, தாம்பாளத்தில் பரப்பி இன்னும் மூன்று நாள் காயவைத்தோம். டப்பாவில் அடைக்கும் முன் மறுபடி நிறுத்தாள். 530 கிராம்.

"மிச்சம் எங்கம்மா போச்சு?"

காக்காய் விரட்டும் வேலை சின்னவனுடையது. "ரெண்டு மூணுதாம்மா தூக்கிட்டுப் போச்சு" என்றான், மாட்டிக்கொண்ட திருடன் மாதிரி. தண்ணீர்தான் போயிருக்கிறது என்று பெரியவளுக்குப் புரிய ஒரு நாள் ஆனது. புரிந்ததும் அடுத்த விஷயம் தானாக வந்தது. கூழ் காய்ச்சும்போது ருசி பார்த்து, "உப்பே இல்ல அப்பத்தா" என்று சொல்லியிருந்தாள். "இப்ப சரியா இருந்தா காஞ்சப்புறம் கரிக்கும்டி" என்றிருந்தார் அத்தை. 3200-ஐ 530-ஆல் வகுத்துப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்: "ஆறு மடங்கும்மா, அதான் கரிக்குது!" நான் ஒரு மாதம் விகிதம் நடத்தியிருந்தாலும் அந்த ஓட்டம் வந்திருக்காது.

சின்னவனுக்கு எழுதுவதென்றால் வேப்பங்காய். அவனிடம் மளிகைச் சீட்டை ஒப்படைத்தேன். நான் சொல்லச் சொல்ல அவன் எழுத வேண்டும், தெருமுனைக் கடைக்கு அக்காவோடு போய் அவனே நீட்ட வேண்டும். முதல் நாள் "பருப்பு" என்று மட்டும் எழுதியிருக்கிறான். "எந்தப் பருப்புடா? துவரையா, பாசியா? எவ்வளவு?" என்று அண்ணாச்சி திருப்பி அனுப்பிவிட்டார். வெயிலில் இரண்டாவது நடை. மறுநாள் "துவரம் பருப்பு அரை கிலோ" என்று முழுசாக எழுதினான். நான் சொல்லியிருந்தால் சிணுங்கியிருப்பான், அண்ணாச்சியிடம் அது நடக்காது.

வெயிலே ஒரு பாடம். ஒரு மீட்டர் பிவிசி குழாயைப் பூந்தொட்டியில் செங்குத்தாக நட்டு, மே நடுவில் ஒருநாள் 11.30 முதல் 1 மணி வரை கால் மணிக்கொரு தடவை நிழலின் நுனியில் சாக்பீஸ் கோடு போட்டார்கள். (செருப்பு இல்லாமல் மாடிக்கு விடாதீர்கள், தரை கொதிக்கும்.) 12 மணிக்கு நிழலே இருக்காது என்று பந்தயம் கட்டினாள் பெரியவள். இரண்டு விதத்தில் தோற்றாள். 12.15-க்குப் போட்ட கோடுதான் எல்லாவற்றிலும் குட்டை, அதுவும் 16 சென்டிமீட்டர் இருந்தது. நம் கடிகாரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு வைத்தது, மதுரை இருப்பது 78-ஐ ஒட்டி. பாகைக்கு 4 நிமிடம் என்றால் சூரியன் நமக்குச் சுமார் 18 நிமிடம் தாமதம். மே மாதத்தில் அதில் மூன்று நான்கு நிமிடம் குறையும். இன்னொன்று, உச்சி வேளை நிழல் தெற்கே விழுந்தது. மதுரைக்கு நேர் மேலே சூரியன் வருவது ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும்தான், இடைப்பட்ட மாதங்களில் மதியச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். இதைச் சொல்லிக் கொடுக்க நான் முந்தின ராத்திரி உட்கார்ந்து படித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மதியம் வெளியே விட முடியாது, அப்போது தாயம். பித்தளைக் கட்டையில் ஒன்று, இரண்டு, மூன்று, ஒரு வெறும் பக்கம். இரண்டு கட்டையும் கூட்டி ஒன்று வந்தால் தாயம், இரண்டும் வெறும் பக்கமாக விழுந்தால் பன்னிரண்டு. தாயம் விழாமல் காய் இறங்காது என்பதால் சின்னவன் தினம் ஒரு தடவை அழுதான். "எனக்கு மட்டும் ஏன் விழல?" என்று கேட்டவனுக்கு அக்கா நூறு தடவை உருட்டிக் கோடு போட்டுக் காட்டினாள். மூணு 26 தடவை, தாயம் 11, ஆறு 7, பன்னிரண்டு 5. பிறகு இரண்டு கட்டைக்கும் சேர்த்து 16 ஜோடிகளை எழுத வைத்தேன். மூணு விழ நாலு வழி, தாயத்துக்கு இரண்டு, ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் ஒவ்வொன்று. அழுகை நிற்கவில்லை. ஆனால் "பதினாறில் ரெண்டுதான்" என்று சொல்லிவிட்டு அழுதான்.

நான் விடாப்பிடியாக வைத்திருப்பது வாசிப்பு மட்டும்தான். ராத்திரி அரை மணி, சத்தமாக, ஆளுக்கொரு பக்கம், நானும் உண்டு. வாரம் ஒருமுறை புது நத்தம் ரோட்டில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போவோம். சிறுவர் பகுதி தனியாக இருக்கிறது, ஏசியும் உண்டு. உங்கள் ஊரில் கிளை நூலகம் இருந்தால் போதும். வீட்டு வரியோடு நூலக வரியும் நாம்தான் கட்டுகிறோம், போகாமல் இருப்பது நமக்குத்தான் நஷ்டம்.

டிவி, மொபைல் இல்லாமலா என்றால், இருக்கிறது. இரண்டிலிருந்து மூன்றரை வரை எனக்கு வேலை நெருக்கும், அப்போது பார்ப்பார்கள். அந்த நேரத்தில் ஒரு ஒர்க்‌ஷீட்டைக் கையில் திணித்துவிட்டு நாலு தடவை எழுந்து போய் அதட்டுவதைவிட இது எவ்வளவோ தேவலை.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் இறக்காதீர்கள். நாங்கள் வத்தலில் தொடங்கி நிழலுக்கு வரவே மூன்று வாரம் ஆனது, நடுவில் ஒன்றுமே செய்யாமல் புரண்டுகொண்டிருந்த நாட்களும் இருந்தன. இந்த வருடம் ஆவக்காய்க்கும் அளவு அவளிடம்தான் என்று பெரியவள் இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள். உப்பை மட்டும் அத்தை கொடுக்க மாட்டேன் என்கிறார்.