காலநிலை மாற்ற அச்சம் பிற குழுக்கள் மீது வெறுப்பை வளர்க்குமா?

வளர்க்கக்கூடும். அந்த வெறுப்பு, வெப்பமயமாதலோடு தொடர்பே இல்லாதவர்கள் மீது பாய்வதுதான் என்னை உலுக்குகிறது. உளவியலாளர் இம்மோ ஃபிரிட்ஷே குழுவினர் ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 2012-இல் வெளியானது. காலநிலை மாற்றம் தங்கள் நாட்டை எப்படித் தாக்கும் என்று நினைவூட்டப்பட்டவர்கள், குற்றவாளிகள் போன்ற, சமூகத்துக்கு ஆபத்து எனக் கருதப்படும் குழுக்களை இன்னும் கடுமையாக மதிப்பிட்டார்கள்.

காரணம் இதுதான்: வானத்தைத் தனியாளாக வளைக்க முடியாது. கைநழுவிய கட்டுப்பாட்டை மனம் 'நாம்' என்ற கூட்டத்துக்குள் தேடுகிறது. உடனே வெளியே நிற்பவர் கண்ணை உறுத்துகிறார்.

தண்ணீர்ப் பற்றாக்குறையிலும் இதே மனநிலையைப் பார்க்கிறேன். 2016 செப்டம்பரில், காவிரி நீரைத் திறக்கச் சொன்ன உச்ச நீதிமன்ற உத்தரவையடுத்து, பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டிகள் தாக்கப்பட்டன, பஸ்கள் எரிக்கப்பட்டன. அணையின் மதகைத் திறந்தவர்கள் அந்த ஓட்டுநர்கள் அல்லர்.