அந்த மீன் எதற்கு?

கேள்வி: பல வருடங்களுக்கு முன் விளையாடிய ‘தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்’ என்ற புதிர்க் கணினி விளையாட்டின் பெட்டி, பிளாப்பிகளோடு (பழைய கணினி வட்டுகள்) பத்திரமாகக் கிடைத்தது. பாதி விடைகள் நினைவில் இருக்கின்றன. இனி விளையாடினால் சுவாரசியம் இருக்குமா?

பதில்: தாராளமாக இருக்கும். நானும் இதே சந்தேகத்தோடுதான் போன மாதம் என் பெட்டியைத் திறந்தேன்.

பாலத்தில் ஒரு பூதம் நிற்குமே, ஞாபகம் இருக்கிறதா? கவனத்தை இழுக்க வேண்டும், ஆனால் ஒன்றுக்கும் உதவக்கூடாது, அப்படி ஒரு பொருளைக் கொடு என்று கேட்கும். அந்தக் காலத்தில் பையில் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக நீட்டினேன். பலகையை மிதித்துக் கடற்பறவையை விரட்டி எடுத்த மீனை வாங்கிக்கொண்டு வழி விட்டது. சரி, பூதத்துக்குப் பசி போல என்று நினைத்தேன்! ஆளைத் திசைதிருப்பும் பொய்த் தடயத்தை ஆங்கிலத்தில் ‘ரெட் ஹெர்ரிங்’ என்பார்கள், ஹெர்ரிங் என்பது ஒரு மீன் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்தது ரொம்பப் பின்னால். போன மாதம் அதே மீனைக் கொடுத்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். விடை அன்றைக்கே கிடைத்துவிட்டது, சிரிப்புதான் இவ்வளவு தாமதமாக வந்தது.

வாள் சண்டையும் அப்படித்தான். கையை விட வாய்தான் முக்கியம். எதிராளி திட்டினால் அதற்குப் பொருந்துகிற பதிலடி கொடுக்க வேண்டும். அன்று நோட்டுப் புத்தகத்தில் வசவையும் பதிலையும் ஜோடி ஜோடியாக எழுதி மனப்பாடம் செய்தேன். வாள் வித்தைத் தலைவி கார்லா புது வசவுகளாக எடுத்து விட்டதும் நோட்டு கைகொடுக்கவில்லை. பழைய பதில்களே அவற்றுக்கும் பொருந்தும், ஆனால் அர்த்தம் புரிந்திருக்க வேண்டும்.

கடலுக்கடியில் கட்டிப்போடும் கட்டத்துக்கான விடையை மட்டும் சொல்லமாட்டேன். சுற்றிலும் கத்தியும் கத்தரியுமாக, எதுவும் கைக்கு எட்டாமல் கிடக்கும். கதாநாயகன் 10 நிமிடம் மூச்சடக்குவான், அதற்கு மேல் உண்மையாகவே செத்துப் போவான். விடை வெட்கப்படும் அளவுக்கு எளிது.

கேள்வி: என் கணினியில் பிளாப்பி டிரைவ் இல்லை. என்ன வழி?

பதில்: மூன்றரை அங்குல பிளாப்பி என்றால் யூஎஸ்பியில் செருகும் டிரைவ் ஒன்று போதும். ஐந்தேகால் அங்குலத்துக்கு அது ஆகாது. முதலில் ஓரத்தில் உள்ள சிறு தாழ்ப்பாளை நகர்த்தி, ஓட்டை தெரியும்படி வையுங்கள். அப்போதுதான் தவறிப்போய்க்கூட எதுவும் அழியாது. பூஞ்சை பிடித்ததை உள்ளே விடாதீர்கள், டிரைவும் கெடும். கோப்புகளை நகலெடுத்த பிறகு ‘ஸ்கம்விஎம்’ என்ற இலவச மென்பொருளில் திறங்கள். 1987இல் ‘மேனியக் மேன்ஷன்’ விளையாட்டுக்காக லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் உருவாக்கிய ‘ஸ்கம்’ என்ற அமைப்பில்தான் 1990இல் உங்கள் விளையாட்டும் வந்தது. அந்த அமைப்பின் வேலையை இந்த மென்பொருள் இன்றைய கணினியில் செய்துவிடும்.

பிளாப்பி படிக்கவே இல்லையென்றால் 2009இல் வந்த புதுப்பதிப்பை வாங்குங்கள். அதில் எஃப்10 விசையைத் தட்டினால் பழைய படங்களும் வரும். எனக்குப் பழையதுதான் பிடிக்கிறது. புதுப்பதிப்பில் கதாநாயகனின் தலைமுடியைப் பார்த்தாலே எரிச்சல்.

கேள்வி: காட்டில் ஒரு அடிமரத்தைச் சொடுக்கினால் 22ஆவது டிஸ்க்கைப் போடச் சொல்கிறது. என்னிடம் அத்தனை இல்லை. தொலைந்துவிட்டதா?

பதில்: தேடாதீர்கள், அது யாரிடமும் இல்லை. இன்னும் சொடுக்கினால் 36 கேட்கும், அப்புறம் 114 கேட்கும். விளையாட்டை உருவாக்கிய ரான் கில்பர்ட் குழுவினரின் குறும்பு. ஏகப்பட்ட பேர் உதவி எண்ணைக் கூப்பிட்டுக் கேட்டதால் சிடி பதிப்பில் அதை எடுத்தே விட்டார்கள். நானும் அன்று பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுத் தேடியவன்தான்.