வேடம் கிடைக்கும் முன்பே பணமா?

கேள்வி: என் தம்பிக்கு 42 வயது. அமெரிக்கக் குடிமகன், லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கிறான். நாடகங்களில் நடித்துவிட்டு இப்போது குணச்சித்திர நடிகனாக முயல்கிறான். ஒரு நிறுவனம் போட்டோ, பயிற்சி, அறிமுகம் எல்லாம் சேர்த்து 3,800 டாலர் கட்டினால் சீரியலில் வேடம் உறுதி என்கிறது. போன வாரம் கையெழுத்துப் போட்டு 800 டாலர் கொடுத்துவிட்டான். மீதியைக் கட்டலாமா? இந்த வயதில் இதெல்லாம் சரிப்படுமா?

பதில்: கட்ட வேண்டாம். கொடுத்த 800 டாலரையும் உடனே திருப்பிக் கேட்கச் சொல்லுங்கள்.

வயது ஒரு தடையே இல்லை. காத்ரின் ஜூஸ்டன் நர்ஸாக இருந்தவர். 40-ஐத் தாண்டி நடிக்க வந்து 2 எம்மி (அமெரிக்கத் தொலைக்காட்சி) விருது வாங்கினார். நடிகர் ஜே.கே. சிமன்ஸுக்கு ஆஸ்கர் கிடைத்தபோது வயது 60. நீதிபதி, போலீஸ்காரர், பக்கத்து வீட்டுக்காரர் வேடங்களுக்கு நரை விழுந்த முகம்தான் வேண்டும்.

இனி பணத்துக்கு வருவோம். உண்மையான ஏஜென்ட் முன்பணம் கேட்கமாட்டார். நடிகர் சம்பாதித்த பிறகு அதில் 10 சதவீதம் கமிஷன் எடுப்பார், அவ்வளவுதான். வேடம் வாங்கித் தருவதாகச் சொல்லி முன்கூட்டியே பணம் வாங்குவது கலிஃபோர்னியாவில் 2010 முதல் குற்றம். ஓராண்டு வரை சிறை, 10,000 டாலர் வரை அபராதம்.

சரி, அப்புறம் எப்படி இவர்கள் கடை நடத்துகிறார்கள்? சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது, அதைக் கவனமாகப் படியுங்கள். பயிற்சி, போட்டோ போன்ற சேவைக்குக் கட்டணம் வாங்கலாம். ஆனால் அந்த நிறுவனம் தொழிலாளர் ஆணையரிடம் 50,000 டாலருக்குப் பிணைப்பத்திரம் கொடுத்திருக்க வேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். 10 வேலை நாட்களுக்குள் எழுதிக் கொடுத்து ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்ப வேண்டும். சேவைக்குக் காசு வாங்கிக்கொண்டே 'வேடம் உறுதி' என்று சொன்னால் அந்த விலக்குக்குள் ஒளிய முடியாது. உங்கள் தம்பியிடம் அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

'காஸ்டிங் ஆட்களை (வேடத்துக்கு நடிகரைத் தேர்வு செய்பவர்களை) நேரில் சந்திக்கலாம்' என்று காசு வாங்கும் பட்டறைகளும் இதே ரகம்தான். 2017-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகர வழக்கறிஞர் (நகரின் அரசு வழக்கறிஞர்) அப்படிப்பட்ட 5 பட்டறைகள் தொடர்பாக 25 பேர் மீது வழக்குப் போட்டார். அதுவரை எல்லோர் கண்ணெதிரிலும் நடந்த வியாபாரம் அது! ஏமாந்தவர் ஓடித்திரிந்து புகார் கொடுத்தால்தான் சட்டம் அசைகிறது என்பது எனக்குத் தாங்கவில்லை.

யூனியன், அதாவது SAG-AFTRA என்ற நடிகர் சங்கத்தில் சேருவதும் எளிதல்ல. உறுப்பினர் ஆக யூனியன் படத்தில் வசனம் பேசும் வேடம் வேண்டும். அந்த வேடத்துக்கோ முதலில் உறுப்பினரைத்தான் தேடுவார்கள். துணை நடிகராக 3 நாள் யூனியன் சம்பளத்தில் வேலை செய்து நுழையலாம், பலரும் வருவது அந்த வழியில்தான். உள்ளே போனாலும் யூனியன் வழி மருத்துவக் காப்பீட்டுக்கு 2023-இல் ஆண்டுக்கு 26,470 டாலர் நடிப்பில் சம்பாதித்திருக்க வேண்டியிருந்தது. பெரும்பாலோர் அதை எட்டுவதில்லை. எனவே இப்போது பார்க்கும் வேலையை விட வேண்டாம்.

இன்றே ரத்துக் கடிதம் எழுதி, ஒப்புகை கிடைக்கும் பதிவுத் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள். போனில் சொன்னது செல்லாது. பணம் வராவிட்டால் ஒப்பந்த நகலோடு தொழிலாளர் ஆணையர் அலுவலகத்திலும் நகர வழக்கறிஞரிடமும் புகார் கொடுக்கட்டும். அடுத்து ஏஜென்ட் யாரைப் பார்த்தாலும், உரிமம் இருக்கிறதா என்று ஆணையரின் இணையதளத்தில் பார்த்த பிறகே பேசட்டும்.